பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்: பழைய படங்களில் பிரெஞ்சு கார்களை அடையாளம் காண்பது

பழைய பிரெஞ்சு கார் படம் ஒன்று கைக்கு வந்தால், பார்க்கிறவர்கள் வாயில் முதலில் வருவது பாடி கட்டிய பாரீஸ் பட்டறைக்காரர் "ஃபிகோனி"யின் பெயர்தான். மட்கார்டு துளிபோல் வழிந்து, சக்கரத்தைப் பாதி மூடியிருந்தால் போதும், பெயர் சூட்டு விழா முடிந்துவிடும். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த அவசரத்தில் பிறப்பவை. பாடியைக் கட்டிய பட்டறையின் பெயர் முதலில் அல்ல, கடைசியில்தான் தெரியவரும். அதற்கு முன் சேஸிஸ் எது, படம் எங்கே எப்போது எடுத்தது, பாடி என்ன வகை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்திருக்க வேண்டும்.

1930களில் பாரீஸில் ஒரு பணக்காரர் டெலாஹே கார் வாங்குகிறார் என்றால், தொழிற்சாலை அவருக்குக் கொடுப்பது சட்டகம், எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், சக்கரங்கள் ஆகியவை மட்டுமே. இதுதான் சேஸிஸ். அதை எடுத்துக்கொண்டு பாரீஸை ஒட்டிய லெவலுவா-பெரேயிலோ நுயியிலோ புலோனிலோ இருக்கும் பட்டறைக்குப் போய்த் தனக்குப் பிடித்தபடி பாடி கட்டிக்கொள்வார். லேலண்ட் சேஸிஸை ஓட்டிப்போய்க் கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே ஒரே காருக்கு இரண்டு பெயர்: டெலாஹே 135, பாடி ஷாப்ரோன். முதல் பெயர் அளவுகளில் தெரியும். இரண்டாவது கை வேலையில் தெரியும். ஒரு பட்டறையின் கை வேலையை இன்னொரு பட்டறை பார்த்துச் செய்ய முடியும், செய்தார்கள். அளவுகளை அப்படி எளிதில் மாற்ற முடியாது.

ஸ்கேன் செய்யும்போது

வீட்டு ஆல்பங்களில் இருந்து வருபவை பெரும்பாலும் 6×9 செ.மீ. பிரிண்ட்கள். நெகட்டிவை அப்படியே தாளின் மேல் வைத்து எடுத்தவை, அதனால் அளவில் சிறியவையானாலும் நுணுக்கம் நிறைந்தவை. அவற்றை 1200 டிபிஐயில், 16 பிட் கறுப்பு வெள்ளையாக, சுருக்காத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். ஏறத்தாழ 2835×4252 பிக்சல் கிடைக்கும். கார் அந்தப் படத்தின் பாதி அகலத்தை நிரப்பியிருந்தால், பிரிண்டில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் சுமார் 10 செ.மீ. பட்டறையின் பெயர்த்தகடு 8 செ.மீ. நீளம் என்று வைத்தால் அது பிரிண்டில் 0.8 மி.மீ., ஸ்கேனில் 38 பிக்சல். எழுத்தைப் படிக்க இது போதாது. ஆனால் தகடு இருக்கிறதா, சதுரமா நீள்சதுரமா, கதவுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பல நேரங்களில் அதுவே போதும்.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து அழிந்திருந்தால், இருட்டறையில் டார்ச்சைத் தாளுக்கு ஏறக்குறைய படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், அழுத்தி எழுதிய தடம் நிழலாக எழும்பும். பத்திரிகைப் படங்கள் 13×18 அல்லது 18×24 செ.மீ. அளவில் இருக்கும், பின்னால் ஏஜென்சி முத்திரை இருக்கும். ரோல், மெரிஸ், மோன்தியால் ஆகிய மூன்று ஏஜென்சிகளும் 1937இல் ஒன்றாகிவிட்டன. எனவே அவற்றில் ஒன்றின் தனி முத்திரை மட்டும் இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரோல், மெரிஸ் ஏஜென்சிகளின் கண்ணாடித் தகடுகளில் ஏராளமானவை பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைப் பெரிதாக்கும், நிறமேற்றும் கருவிகளை அடையாளம் காணும் வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. மங்கலான நம்பர் பிளேட்டை அவை தெளிவாக்குவதில்லை, தெளிவாகத் தெரியும் வேறு ஒரு எண்ணை எழுதிவைக்கின்றன. பானட்டின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துளைகளை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துவிடுகின்றன. துளைகளை எண்ணித்தான் இரண்டு கார்கள் ஒன்றா வேறா என்று தீர்ப்பு சொல்லப்போகிறோம் என்னும்போது இது சின்ன விஷயம் அல்ல. அழகுக்காகச் செய்த பிரதி தனியே இருக்கட்டும், அளப்பதும் எண்ணுவதும் மூல ஸ்கேனில் மட்டும்.

இடம் வலம் மாறிய படம்

ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்ததும் "இது இங்கிலாந்து கார்" என்பவர்கள் உண்டு. சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடாக இருந்தும், பிரான்ஸின் உயர்ரகக் கார்கள் இரண்டாம் உலகப் போர் வரை பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங்குடன்தான் வந்தன. டெலாஹே 135, டெலாஜ், புகாட்டி எல்லாம் அப்படியே. டால்போ-லாகோ போருக்குப் பிறகும் விடவில்லை. சித்ரோயன், பெஜோ, ரெனோ போன்ற பெருந்தொகைத் தயாரிப்பாளர்கள்தான் 1930களில் இடப்பக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஆக, ஆடம்பரக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: போருக்குப் பிந்தைய காரா, அல்லது நெகட்டிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டுவிட்டார்களா?

திருப்பிய படத்தைக் கண்டுபிடிக்க நம்பர் பிளேட், கடைப் பலகை போன்ற எழுத்துகள் இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் ஆண்களைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கம்தான் இருக்கும், இடப்பக்க விளிம்பு வலப்பக்கத்தின் மேல் படிந்து பட்டன் போட்டிருக்கும். இரண்டும் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. இதை முதலிலேயே சரிசெய்யாவிட்டால், பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், தகடு எந்தப் பக்கம் என்று பின்னால் செய்யும் ஒப்பீடு எல்லாம் கோணலாகிவிடும்.

சேஸிஸ்: முகமும் அளவும்

முகம் தெரியும் படமென்றால் பாதி வேலை முடிந்தது. புகாட்டியின் குதிரை லாட ரேடியேட்டர் யாருக்கும் தெரியும். இஸ்பானோ-சுயிசாவில் பறக்கும் நாரை: முதல் உலகப் போரில் விமானி கைன்மேரின் படைப்பிரிவுச் சின்னத்திலிருந்து வந்தது. ஹாட்ச்கிஸில் குறுக்கே வைத்த இரண்டு பீரங்கிகள், அது ஆயுதக் கம்பெனியாகத் தொடங்கியது என்பதால். வுவாசனில் அலுமினியத் தகடுகளை ஆணியடித்துச் செய்த சிறகு விரித்த பறவை. வுவாசன் பெரும்பாலும் தன் பாடிகளைத் தானே கட்டியது, எனவே அங்கே பட்டறையைத் தேடும் வேலை குறைவு.

ஆனால் ரேடியேட்டர் மூடி மேல் நிற்கும் சின்னத்தை மட்டும் நம்பவேண்டாம். லலீக் கண்ணாடிச் சின்னங்கள் கடையில் விற்றன, வாங்கியவர் எந்தக் காரிலும் பொருத்தலாம். புகாட்டி 57இன் மேல் ஏதாவது சிலை நின்றால் அது உரிமையாளரின் விருப்பம், அடையாளம் அல்ல.

டெலாஹேயும் டெலாஜும் குழப்பும் ஜோடி. 1935இல் டெலாஜ் நொடித்து டெலாஹே கைக்குப் போனது. அதன்பின் வந்த டெலாஜ்களில் டெலாஹேயின் உறுப்புகள் ஏராளம். ஷாப்ரோன் போன்ற பட்டறை ஏறக்குறைய ஒரே பாடியை இரண்டுக்கும் கட்டிக்கொடுக்கும். அப்போது பிரித்துக்காட்டுவது ரேடியேட்டர் முகமும், பானட் நீளமும்தான். டெலாஜ் டி8-120 வரிசையாக எட்டு சிலிண்டர், அதன் பானட் ஆறு சிலிண்டர் காரைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு நீளம்.

1936க்குப் பிறகு இன்னொரு சிக்கல். பட்டறைகள் காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று சொல்லி ரேடியேட்டரை உள்ளே தள்ளி, முன்னால் தாங்களே வடிவமைத்த கிரில்லைப் பொருத்தத் தொடங்கின. முகம் பொய் சொல்லும் இந்த இடத்தில் அளவு உதவும்.

பக்கவாட்டுப் படம் இருந்தால் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை, அதாவது வீல்பேஸை, டயரின் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். புகாட்டி 57க்கு வீல்பேஸ் 3.30 மீட்டர். அதன் 5.50×18 டயரின் வெளிவிட்டம் சுமார் 29 அங்குலம், அதாவது 0.74 மீட்டர். விகிதம் ஏறத்தாழ 4.5. குட்டையான 57எஸ் 2.98 மீட்டர், விகிதம் 4.0. டெலாஹே 135 2.95 மீட்டர், 17 அங்குல வளையம், டயர் பருமனைப் பொறுத்து 4.0 முதல் 4.15 வரை வரும். டால்போ-லாகோ டி150சி எஸ்எஸ் 2.65 மீட்டர்தான், விகிதம் 3.6 அருகே. போருக்குப் பிந்தைய டால்போ டி26 கிராண் ஸ்போரும் அதே 2.65. ஆனால் டி26 ரெக்கார்ட் 3.125 மீட்டர், அது போய் டெலாஹே 135 இருக்கும் இடத்திலேயே விழும். ஆகவே இந்தக் கணக்கு குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று கூடையில் போடும். அதற்கு மேல் தசம இலக்கத்தை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

அளக்கும் விதத்தில் பலர் தவறுகிறார்கள். கார் கேமராவுக்கு நேர் பக்கவாட்டில் நிற்பது அபூர்வம், கொஞ்சம் திரும்பித்தான் நிற்கும். அப்போது வீல்பேஸ் படத்தில் குறுகிவிடும், டயரின் உயரமோ குறுகாது. உயரத்தால் வகுத்தால் விகிதம் குறைவாக வந்து 57ஐ 57எஸ் ஆக்கிவிடும். 57எஸ் எவ்வளவு அரிது, என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தவறின் எடை புரியும். டயரின் கிடை அகலத்தை அளந்து அதனால் வகுங்கள். திரும்பிய கோணம் இரண்டையும் ஒரே அளவில் குறுக்கும் என்பதால் விகிதம் மாறாது. பக்கத்துச் சக்கரம் பெரிதாகவும் தூரத்துச் சக்கரம் சிறிதாகவும் தெரியும், இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள். எடை தாங்கி டயர் தரையில் நசுங்கியிருக்கும் என்பதும் கிடையாக அளப்பதற்கு இன்னொரு காரணம். கார் ரொம்பத் திரும்பியிருந்தால், முன் மூலையிலிருந்து எடுத்த படமாக இருந்தால், இந்த முயற்சியே வேண்டாம்.

நம்பர் பிளேட்

ஒரு பிரெஞ்சுப் படத்தில் மிகுந்த தகவல் இருக்கும் இடம் இதுதான். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, மூன்று தலைமுறைகள்.

1901 முதல் 1928 வரை, எண்ணோடு சுரங்கத் துறை வட்டாரத்தைக் குறிக்கும் எழுத்து. பாரீஸுக்கு ஈ, ஜி, ஐ, யு, எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகள் வழங்கின. எண்கள் தீர்ந்ததும் எழுத்துக்குப் பின் ஓர் இலக்கம் சேர்த்தார்கள்.

1928 முதல் 1950 வரை, நான்கு இலக்கம் வரை ஓர் எண், அடுத்து இரண்டு எழுத்து, தேவைப்பட்டால் கடைசியில் ஓர் எண். நமக்கு வேண்டிய கார்களில் பெரும்பான்மை இந்தக் காலத்தவை. இரண்டு எழுத்தும் சேர்ந்து மாவட்டத்தைக் காட்டும். பாரீஸ் அடங்கிய சேன் மாவட்டத்துக்கு ஆர் எழுத்தில் தொடங்கும் ஜோடிகள். அல்சாஸில் புகாட்டியின் மோல்ஸைம் இருக்கும் பா-ரான் மாவட்டத்துக்கு என்வி. ஜோடியும் கடைசி எண்ணும் ஆண்டுகள் போகப் போக ஏறிக்கொண்டே போகும். எனவே தேதி உறுதியாகத் தெரிந்த படங்களில் இருந்து உங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், தேதி தெரியாத படத்தை அதில் பொருத்தி ஏறக்குறைய ஆண்டைச் சொல்லிவிடலாம். பாரீஸ் கார்கள் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டதால் சேன் பட்டியல்தான் விரைவில் நிரம்பும்.

1950 ஏப்ரலில் இருந்து, எண், எழுத்து, கடைசியில் மாவட்ட எண். 75 சேன், 06 ஆல்ப்-மரிதீம், 69 ரோன், 13 பூஷ்-து-ரோன். பாரீஸைச் சுற்றி 92, 93, 94 தெரிந்தால் படம் 1968க்குப் பிந்தையது.

இதில் எச்சரிக்கை ஒன்று: பிளேட் சொல்வது படத்தின் காலத்தை, காரின் காலத்தை அல்ல. 1937இல் கட்டிய கார் 1952இல் கை மாறினால் புதுத் தொடர் எண் பெற்றிருக்கும். "75 என்று இருக்கிறது, அதனால் 1950களின் கார்" என்று எழுதியிருப்பதைப் பல தலைப்புகளில் பார்க்கலாம். மறுபக்கம், டபிள்யூ அல்லது இரட்டை டபிள்யூ இருந்தால் அது விற்பனையாளர், சோதனை ஓட்டப் பிளேட், அல்லது தற்காலிகப் பதிவு. கார் நிலையான பதிவு பெறும் முன் எடுத்த படம் அது. அப்படிப்பட்ட படத்தில் இருப்பது பெரும்பாலும் பட்டறையிலிருந்து வந்த முதல் வடிவம், பின்னால் யாரும் கை வைக்காதது. ஒப்பீட்டுக்கு அதைத் தங்கமாகப் பாதுகாக்கலாம்.

பிளேட் இல்லாதபோது

அக்டோபர் மாதம் பாரீஸ் கிராண் பாலே மண்டபத்தில் நடந்த சலோன் என்னும் கார் கண்காட்சிப் படமென்றால், மேலே இரும்பும் கண்ணாடியும் வேய்ந்த கூரை தெரியும். 1939இல் இருந்து போர் முடியும் வரை சலோன் நடக்கவில்லை, 1946இல்தான் மீண்டும் வந்தது. 1962இல் இருந்து இடம் போர்த் து வெர்சாய்க்கு மாறிவிட்டது. சலோன் படங்களில் காரின் தலைக்கு மேல் தொங்கும் பெயர்ப் பலகை பக்கத்து ஸ்டாலின் பலகையாக இருக்கலாம். அதோடு, சேஸிஸ் கம்பெனியின் ஸ்டாலில் பட்டறை கட்டிய காரும், பட்டறையின் ஸ்டாலில் பல கம்பெனிகளின் சேஸிஸும் நிற்கும்.

கொன்கூர் தெலகான்ஸ் என்னும் அழகுப் போட்டிப் படங்களில் காரின் முன் எண் அட்டையும், காரோடு பொருந்தும் உடையில் ஒரு பெண்ணும், சில நேரம் நாயும் இருக்கும். பாரீஸின் புவா து புலோன் பூங்கா என்றால் மரங்கள், தெற்குக் கடற்கரை ஊரான கான் என்றால் பனை. அட்டை எண் கிடைத்தால் அந்த வாரப் பத்திரிகையின் பரிசுப் பட்டியலில் தேடலாம். சேஸிஸ், பட்டறை, உரிமையாளர் மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும் நல்வாய்ப்பு அங்கே உண்டு.

மட்கார்டு ஓரங்களில் வெள்ளைப் பட்டை, ஹெட்லைட்டுக்குக் கீறல் மட்டும் விட்ட மூடி: போர்க்கால இருட்டடிப்பு. பின்னால் கொதிகலன்போல் ஒன்று தொங்கினால் விறகு வாயுவில் ஓடிய கார், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம். கதவில் எஃப்எஃப்ஐ (பிரெஞ்சு எதிர்ப்புப் படையின் சுருக்கப் பெயர்) என்று கையால் எழுதியிருந்தால் 1944.

நிறத்தைப் பற்றி அவசரப்பட வேண்டாம். பழைய ஆர்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அது ஏறக்குறையக் கறுப்பாகவே பதியும். நீலம் வெளுத்துவிடும். "கறுப்புக் கார்" சிவப்பாகவும், "வெள்ளைக் கார்" வெளிர் நீலமாகவும் இருந்திருக்கலாம். படத்தில் பிரெஞ்சுக் கொடி இருந்தால் ஒரு சோதனை: சிவப்புப் பட்டை நீலத்தைவிட நன்றாகக் கறுத்திருந்தால் ஆர்தோ, நீலமும் அதே அளவு இருண்டிருந்தால் எல்லா நிறமும் உணரும் பான்குரோமாட்டிக். பின்னதில்கூடச் சாம்பல் நிறத்தை வைத்துப் பெயிண்ட் நிறம் சொல்வது ஊகம்தான்.

பாடி வகை

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். நான்கு கதவு மூடிய கார் பெர்லின். இரண்டு கதவு, நான்கு ஜன்னல், பின்னால் முழு இருக்கை இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கோச் என்பார்கள். இங்கிலீஷ் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் தேடாதீர்கள். கூப்பே அதைவிடக் குட்டை. கபிரியோலே என்றால் மடிக்கும் கூரை, ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி. ஃபோ-கபிரியோலே பார்வைக்கு மடிக்கும் கூரை, உண்மையில் நிலையானது. பக்கத்தில் இருக்கும் வளைந்த இரும்புக் கம்பி வெறும் அலங்காரம். கூரை ஏற்றிய நிலையில் எடுத்த ஒரே படத்தை வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். மடியும் துணியில் மடிப்புச் சுருக்கமும், பின்கண்ணாடியைச் சுற்றித் தையலும் தெரிகிறதா பாருங்கள்.

இனிப் பட்டறை

முதலில் தகட்டைத் தேடுங்கள். முன் மட்கார்டின் வால் முடிந்து கதவு தொடங்கும் இடத்தில், கீழ் விளிம்பை ஒட்டி, கைவிரல் நீளத்துக்கு ஒரு சிறு செவ்வகம். படிக்க முடியாவிட்டாலும், அதே இடத்தில் அதே வடிவத் தகடு உள்ள, உறுதியாகத் தெரிந்த கார்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

ஜோசப் ஃபிகோனி இத்தாலியின் பியச்சென்சாவில் பிறந்தவர். ஒவிடியோ ஃபலாஸ்கி 1935இல் பங்குதாரராகச் சேர்ந்தார். 1936 சலோனில் டெலாஹே 135 மேல் அவர்கள் காட்டிய திறந்த கார்தான் நான்கு சக்கரங்களையும் தனித்தனித் துளிகளுக்குள் புதைத்தது. அடுத்த ஆண்டு டால்போ டி150சி எஸ்எஸ் மேல் நீர்த்துளிக் கூப்பே. கதவில் மேலெழும்பாத கைப்பிடி, முன் மூடிக்குள் இறங்கிவிடும் முன்கண்ணாடி, மட்கார்டின் வளைவைத் தொடர்ந்து ஓடும் குரோமியக் கோடு, இவை சேர்ந்தே இருந்தால் ஃபிகோனியை நினைக்கலாம். குரோமியக் கோடு எதையும் சாராமல் தானே ஒரு படம் வரைந்துகொண்டு போனால் நினைக்க வேண்டியது வேறு பெயர்: நுயியில் இருந்த ஜாக் சவுச்சிக். போருக்குப் பின் அவருடைய கார்களில் குரோமியம் நகைபோல் ஏறியது. ரசனைக்கு அது ஒத்துவருமோ வராதோ, அடையாளம் காண்பது எளிது. கதவு கீலில் சுழலாமல் பக்கவாட்டில் வெளியே வந்து உடலுக்கு இணையாகப் பின்னால் நகரும் கார் என்றாலும் சவுச்சிக்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். ஆந்த்ரே துபோனேக்காக 1938இல் இஸ்பானோ எச்6சி மேல் கட்டிய சீனியா இதற்குப் பேர்போனது.

பூர்தூ, ருயே-மால்மேசோன் ஊரில் இருந்தது. அதன் சிறந்த கோடுகள் ஜோர்ஜ் பொலான் வரைந்தவை. தொழிலால் பல் மருத்துவர், இரும்புக் கூரை டிக்கிக்குள் மடங்கிப் போகும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றவர், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததால் 1942இல் ஜெர்மானியர்களால் கொல்லப்பட்டார். பெஜோ தார்ல்மா கார்கள் இவர்கள் கூட்டு வேலை. ஃபிகோனியின் வளைவு கண்ணை இழுக்கும், பொலானின் வளைவு கண்ணுக்குப் படாமல் ஓடும். இதை அளந்து காட்ட முடியாது, பல படங்கள் பார்த்தால் பழகிவிடும்.

லெதூர்னர் எ மார்ஷான் என்றால் டெலாஜ் டி8-120 ஏரோஸ்போர்: பின்னால் சரியும் கூரை, பக்க ஜன்னல்களுக்கு நடுவே தூண் கிடையாது. இஸ்பானோ, புகாட்டி சேஸிஸ்கள் மேல் தூணே இல்லாத பெர்லின் என்றால் வான்வூரனைப் பாருங்கள். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் இடையில்கூடத் தூண் இல்லை என்றால் லாபூர்தெத்தின் வ்யூதோதால். ஆனால் கண்ணாடியில் வெயில் பட்டு மெல்லிய தூண் மறைந்துபோகும், அச்சுக்குப் போகும் படத்தில் ரீடச் செய்பவரும் அதை அழித்திருப்பார். இரண்டாவது படம் கிடைக்காமல் வ்யூதோதால் என்று எழுதாதீர்கள்.

கொல்மாரில் இருந்த கான்க்லோஃப், புகாட்டி 57க்கு ஸ்டெல்வியோ கபிரியோலேக்களை வரிசையாகக் கட்டியது. வேமன் முறையில் கட்டிய 1920களின் பாடி தகரம் இல்லை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல்துணி. மரத்துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இடையில் இரும்புத் தகடு வைத்து இணைத்ததால் கிறீச்சிடாது. படத்தில் அதைப் பிடிப்பது மிக எளிது: பானட் பளபளக்கும், அதற்குப் பின்னால் உள்ள பகுதி எதையும் பிரதிபலிக்காமல் மங்கிக் கிடக்கும். வேமன் உரிமம் பெற்ற பட்டறைகள் பல என்பதால் முறை தெரியும், பட்டறை தெரியாது.

கடினமான பகுதி நடுவில் இருப்பவர்கள். ஷாப்ரோன், கியோரே, ஆந்தெம், ஆடம்பரம் இல்லாத நாட்களில் ஃப்ரானே. எல்லாரும் நிதானமான, அழகான இரண்டு கதவு கார்களைக் கட்டினார்கள். டெலாஹே 135 கபிரியோலே ஒன்று அடக்கமாக, குற்றம் சொல்ல முடியாமல் இருந்தால் ஷாப்ரோன் என்று சொல்லும் ஆசை வரும், பல முறை அது சரியாகவும் இருக்கும். எண்ணிக்கையில் அவர் அதிகம் கட்டினார் என்பதுதான் அதற்குக் காரணம். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே வடிவத்தை விட்டுவிட்டுச் சின்ன உறுப்புகளுக்கு வாருங்கள்: வெளியே தெரியும் கீல்கள் இரண்டா மூன்றா, கதவு முன்பக்கம் தொங்குகிறதா பின்பக்கமா, இடுப்புக் கோட்டுப் பட்டை பானட்டின் மேல் தொடர்கிறதா கதவோடு நிற்கிறதா, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலை கூர்மையா வளைவா, வைப்பர் மேலிருந்தா கீழிருந்தா. வடிவத்தைப் பார்த்து வரையலாம். ஆனால் கீலும் கைப்பிடியும் பட்டறை தன் வழக்கமான கடையில் வாங்கிக் கையிருப்பில் வைத்திருப்பவை, அவை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பிரான்ஸுக்கு வெளியேயும் பாருங்கள். டெலாஹே, புகாட்டி சேஸிஸ்கள் சுவிட்சர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் போயின. பிளேட்டில் பிஇ இருந்தால் அது பெர்ன் மாநிலம். அங்கேதான் விக்ட்ராக்கில் கிராபரும், தலைநகரை ஒட்டி வோர்ப்லாவ்ஃபனும் இருந்தார்கள். பெல்ஜியத்தில் வெஸ்தர்ஸ் எ நெய்ரிங்க், ஹேக் நகரில் பெனொக். பாரீஸ் பட்டறைகளில் தேடித் தேடிக் கிடைக்காத கார் பல நேரம் இவர்களிடம் இருக்கும்.

போருக்குப் பிந்தையவற்றில் ஒன்றை மட்டும் சொல்லலாம்: மூக்கு சுறாபோல் முன்னே நீண்ட ஃபிகோனி டெலாஹே 135, நர்வால் என்று பெயர், 1946இல் தொடங்கி மிகச் சிலவே கட்டினார்கள். மூக்கை வைத்தே தெரியும், மற்ற வேலை எதுவும் தேவையில்லை.

ஒரே காரா, இரட்டையா, நகலா

பட்டறை ஒரே வடிவத்தை இரண்டு மூன்று முறை கட்டியிருக்கும். ஒரே கார் மூன்று பிளேட்டும் இரண்டு நிறமும் மாறியிருக்கும். பின் சக்கர மூடியை ஒரு கோடையில் கழற்றி வைத்திருப்பார்கள். இதற்கு நடுவில், ஆக்கிரமிப்புக் காலத்திலோ 1950களிலோ பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு அதே சேஸிஸ் மேல் புதிது கட்டியதும் நடந்தது. கடைசி நாற்பது ஆண்டுகளில் சாதாரணப் பெர்லினின் சேஸிஸ் மேல் ஃபிகோனி பாணித் திறந்த பாடி கட்டியவையும் உண்டு. விற்பனை அட்டவணையில் "அக்காலப் படம்" என்று அச்சிடுவது விற்கும் காரின் படமா, அதன் உடன்பிறப்பின் படமா என்பது பெரும் தொகையைத் தீர்மானிக்கும் கேள்வி.

இதற்கு ஒரே வழி, மாற்றக் கடினமானதை ஒப்பிடுவது. சக்கரம், விளக்கு, பம்பர், நிறம், மூடி எல்லாம் மாறும், அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பானட் துளைகளின் எண்ணிக்கையும் சாய்வும், கதவின் வெட்டுக்கோடு மட்கார்டை எந்த இடத்தில் சந்திக்கிறது, கூரையின் உச்சி கதவுக்கு முன்னா பின்னா, கீல் இடம் ஆகியவற்றை இரண்டு படங்களிலும் குறியுங்கள். கை வேலை என்பதால் ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு கார்களிலும் இவற்றில் ஏதோ ஒன்று வேறுபடும். ஒரு தெளிவான வேறுபாடு கிடைத்தால் வேறு கார் என்று கொள்ளலாம், ஆனால் பத்துப் பொருத்தம் இருந்தாலும் ஒரே கார் என்று நிரூபணமாகாது. பட்டறை வெளியிட்ட விளம்பரப் படங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கும்போது கவனம் தேவை. பின்னணியை வெள்ளை வண்ணத்தால் அழிக்கும்போது ரீடச் கலைஞர் காரின் விளிம்பையும் கொஞ்சம் நீட்டி, தாழ்த்தி அழகாக்கியிருப்பார்.

சேஸிஸ் எண் படத்தில் தெரியாது. ஆனால் உரிமையாளர் எண்ணைச் சொன்னால் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். புகாட்டி 57 வரிசை 57101இல் தொடங்குகிறது. டால்போ டி150சி எஸ்எஸ் எண்கள் 90 என்று தொடங்கும், டி26 கிராண் ஸ்போர் 110 என்று. போருக்குப் பிந்தைய டெலாஹே 135க்கு 80 என்று தொடங்கும் ஆறு இலக்கம். அப்படி ஆறு இலக்க எண்ணோடு வந்த டெலாஹேக்கு 1938 கொன்கூர் படத்தைக் காட்டினால் இரண்டில் ஒன்று அதனுடையது அல்ல. பிளேட் எண் தெரிந்திருந்தால் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பதிவேடு பிழைத்திருக்கும் மாவட்டங்களில் அந்த எண்ணுக்கு எதிரே காரின் மாடல், சேஸிஸ் எண், உரிமையாளர் பெயர் கிடைக்கலாம்.

முடிவை எழுதும்போது மூன்று விதமாக எழுதுவது நல்லது. தகடோ, பத்திரிகைக் குறிப்போ, பட்டறை ஆவணமோ இருந்தால் "ஷாப்ரோன் கட்டியது". உறுப்புகள் பொருந்தினால் "ஷாப்ரோன் ஆகலாம்", எந்த உறுப்புகள் என்று அடைப்புக்குறிக்குள். வடிவம் மட்டும் என்றால் "ஷாப்ரோன் பாணி", அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கோப்பின் பெயரிலேயே பிளேட் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். படத்தைப் பகிரும்போது தலைப்பு தனியாகக் கழன்றுபோகும், கோப்பின் பெயர் பெரும்பாலும் கூடவே போகும்.